செவலைத் தாய்க்குக் கருங்கன்னிக் குட்டி: நாய் மரபணுப் பரிசோதனை ஒன்றின் மதிப்புரை

கயத்தாற்றுக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் இருக்கும் என் தாய்மாமா வீட்டில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் செவலைப் பெட்டை நாய் ஒன்று ஐந்து குட்டிகள் போட்டது. நான்கு குட்டிகள் தாயைப் போலவே செவலை. ஐந்தாவது மட்டும் முதுகெல்லாம் கருப்பாகவும், புருவத்தின் மேல் இரண்டு தேன்நிறப் பொட்டுகளும் மார்பிலும் கால்களிலும் அதே தேன்நிறமுமாகவும், அச்சு அசல் கருங்கன்னியாக, அதாவது நம் பக்கத்து வேட்டை நாயான கன்னியின் கருநிற வகையாக, விழுந்தது. இணை சேர்த்த கடுவனும் செவலைதான். ஆகவே ஊரார் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது: பெட்டை தப்பிப் போய் வேறெங்கோ சேர்ந்துவிட்டது. சிப்பிப்பாறைச் சாதி என்று பெருமையாக நாய் வளர்த்துவந்த மாமாவுக்கு அது ஒரு குறையாகவே போய்விட்டதால், அந்தக் குட்டியைக் காசு வாங்காமல் எனக்குக் கொடுத்துவிட்டார். பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து ‘பொட்டு’ என்று பெயரிட்டு வளர்த்துவருகிறேன்.

நாயின் மூதாதையர் யார், அதன் நிறம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் மரபணுப் பரிசோதனையை நான் வாங்கியது இந்தக் கேள்விக்காகத்தான். பொட்டுக்கு ஒன்று, அதன் தாய்க்கு ஒன்று என இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய், கூரியர் செலவு தனி. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. குறையாக நான் சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்தின் குறைகள் அல்ல, இந்தப் பரிசோதனை முறைக்கே உரியவை என்பது அதற்கு ஒரு காரணம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு பஞ்சுக் குச்சிகள், ஒரு குப்பி, எண் ஒட்டிய உறை, ஒரு தாள் ஆகியவை இருக்கும். நாய் எதையும் தின்னாமல் அரை மணி நேரமாவது கழிந்த பின்னர், கன்னத்தின் உட்புறத்திலும் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்திலும் குச்சியை உருட்டித் தேய்க்க வேண்டும். தேவைப்படுவது எச்சில் அன்று, எச்சிலோடு வரும் கன்னத்தின் செல்கள். பால் குடிக்கும் குட்டியிடம் எடுத்தால் தாயின் செல்கள் அதன் வாயில் கலந்திருக்கக்கூடும் என்பதால், பால் மறந்த பிறகே எடுப்பது நல்லது. இவையெல்லாம் தாளில் தெளிவாகவே இருந்தன, ஆனால் ஆங்கிலத்தில் மட்டும். மாமா படத்தைப் பார்த்துத் தாயிடம் தேய்த்து, ஈரம் காயுமுன் குச்சியைப் பாலித்தீன் உறையில் போட்டு, தகரக் கொட்டகையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். அது சித்திரை மாதம். மாதிரி கெட்டுவிட்டது என்று மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. வேறு பெட்டியை இலவசமாக அனுப்பினார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும்; அதற்குள் நான் நான்கு முறை தொலைபேசியில் பேசி, நான்கு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்ததைப் பாராட்ட முடியாது. பொட்டின் அறிக்கை ஐந்து வாரத்திலும் தாயின் அறிக்கை பதினோரு வாரத்திலும் வந்தன.

அறிக்கையில் நிறம் பற்றிய பகுதியே உயிர்நாடி. இந்தப் பணத்துக்கு உண்மையில் கிடைக்கும் சரக்கு அதுதான். நாயின் மயிரில் இருக்கும் நிறமிகள் இரண்டே: கருப்பும் அதன் சாயல்களும் தரும் யூமெலனின், மஞ்சளும் செம்மையும் தரும் பியோமெலனின். கன்னியின் கருமுதுகு, சிப்பிப்பாறையின் செவலை, கோம்பையின் செம்மண் நிறம் எல்லாமே, இந்த இரண்டில் எது, உடலின் எந்த இடத்தில், எவ்வளவு அடர்த்தியாக வருகிறது என்பதன் விளைவுகள். அதைத் தீர்மானிக்கும் மரபணு இடங்கள் சிலவற்றைப் பரிசோதனை நேரடியாகப் படிக்கிறது. இங்கே ஊகத்துக்கு அதிக இடமில்லை. அந்த இடத்தில் இன்ன எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இருக்கிறது என்றோ இல்லை என்றோதான் விடை.

முதலில் பார்க்க வேண்டியது ‘ஈ’ இடம் எனப்படும் எம்.சி.1.ஆர். மரபணு. இதன் ஒடுங்கு வடிவம் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் நாயின் மயிரில் கருப்பே உருவாகாது. வேறு எந்த மரபணு என்ன சொன்னாலும் நாய் மஞ்சளாகவோ செம்மையாகவோதான் இருக்கும். ஆகவே ஒரு நாய் செவலையாக இருப்பதற்கு, இது ஒன்றும் பின்னால் வரும் ‘ஏ’ இடத்தின் வழி ஒன்றும் என இரண்டு வழிகள் உண்டு, கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். மாமாவின் பெட்டைக்குக் காதோரத்திலும் வாலின் மேல்பக்கத்திலும் கருமயிர் கலந்திருப்பதால் அது இந்த வழியில் செவலையானதன்று என்று நான் முன்பே ஊகித்திருந்தேன்; அறிக்கையும் அதையே சொன்னது.

அடுத்தது ‘கே’ இடம். உடல் முழுவதும் ஒரே கருப்பாக இருக்கும் நாய்களில் பெரும்பாலானவற்றின் கருப்புக்குக் காரணமான இந்த மரபணு 2007-இல் அடையாளம் காணப்பட்டது. இது கிருமிகளை எதிர்க்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த மரபணு என்பதும், வட அமெரிக்காவின் கரிய ஓநாய்கள் தங்கள் கருப்பைப் பண்டைக்கால நாய்களிடமிருந்துதான் பெற்றன என்பதும் இதோடு சேர்ந்து தெரியவந்த வியப்புகள். எனக்கு இது வேறு விதத்தில் பயன்பட்டது. ஊரில் சந்தேகத்துக்கு ஆளான கடுவன், பேருந்து நிறுத்தத்தில் படுத்துக் கிடக்கும் முழுக் கருப்பு நாய். அதன் கருப்பு ‘கே’ இடத்தின் ஓங்கு வடிவத்தால் (ஒரு பக்கமிருந்து வந்தாலே வெளிப்படும் வடிவத்தால்) வந்திருந்து, அந்த வடிவம் பொட்டுக்கும் இறங்கியிருந்தால், பொட்டு பொட்டு இல்லாமல் முழுக் கருப்பாகப் பிறந்திருக்க வேண்டும். பொட்டிடம் அந்த வடிவம் இல்லை.

பிறகுதான் ‘ஏ’ இடம், அகௌட்டி மரபணு. கருங்கன்னியின் கோலம் எழுதப்படுவது இங்கேதான். இதன் செவலை வடிவம் ஓங்கியது. முதுகு கருத்துப் புருவத்திலும் காலிலும் தேன்நிறம் நிற்கும் பொட்டு வடிவம் அதற்கு ஒடுங்கியது. எனவே பொட்டு வடிவத்தை இரு பக்கமிருந்தும் பெற்ற நாய்தான் கருங்கன்னியாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பெற்றால் செவலையாகவே தெரிந்து, உள்ளே கருங்கன்னியைச் சுமந்துகொண்டிருக்கும். பொட்டுக்கு இரண்டும் பொட்டு வடிவம். தாய்க்கு ஒன்று செவலை, ஒன்று பொட்டு. தந்தையான செவலைக் கடுவனும் அவ்வாறே ஒன்றைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் கருங்கன்னியாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தில் ஒன்று விழுந்ததில் விந்தை ஏதும் இல்லை.

இவ்வளவு படித்த உடனே பெட்டை நிரபராதி என்று மாமாவிடம் சொல்லிவிடத் தோன்றியது. ஆனால் அறிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரே ஈத்தில் பிறக்கும் நாய்க்குட்டிகளுக்கு இரண்டு தந்தையர் இருப்பது நடக்கக்கூடியதுதான். வேறொரு கருங்கன்னிக் கடுவன் வந்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். தாயின் மேல் சந்தேகம் கொள்ள அவசியமில்லை என்பது மட்டுமே நிலைபெற்றது. இணை சேர்த்த செவலைக் கடுவன்தான் தந்தை என்பது நிலைபெற வேண்டுமானால் அதன் மாதிரியும் வேண்டும். கழுகுமலைப் பக்கத்தில் இருக்கும் அதன் உரிமையாளர், நாயின் வாயில் குச்சி விட ஒப்பவில்லை. “நாய்க்கு எச்சில் எடுத்து அனுப்பித்தான் அது கன்னியா, சிப்பிப்பாறையான்னு தெரியணுமாக்கும்? ஓட விட்டுப் பாருங்க தம்பி, தெரிஞ்சுரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் பேச்சிலும் பொருள் இருக்கிறது. கன்னியும் சிப்பிப்பாறையும் இரண்டு சாதியா, ஒரே சாதியின் இரண்டு நிறமா என்ற வழக்கு, கோவில்பட்டி முதல் சிவகாசி வரை டீக்கடை பெஞ்சுகளில் இன்னும் தீரவில்லை. கருங்கன்னி, பால்கன்னி என்று நிறத்தாலேயே பெயர் பிரிப்பது நம் வழக்கம். மாட்டில் மயிலை, செவலை, காரி என்று சொல்வதைப் போன்றதுதான் இது. ஒரே ஈத்தில் இரண்டும் விழுவதைக் கண்ட பின்னர், என் வீட்டைப் பொறுத்தவரை அது நிறம் மட்டுமே என்ற பக்கம் சாய்கிறேன். உடற்கட்டிலும் ஓட்டத்திலும் வேறுபாடு உண்டு என்று அடித்துச் சொல்லும் வளர்ப்போரை ஒரு நாயின் அறிக்கையை வைத்து மறுக்க முடியாது.

எதிர்பாராத ஒன்றையும் நிறப் பகுதி சொன்னது. கருப்பை நீர்க்கச் செய்து சாம்பலாக்கும் ‘டி’ இடத்தின் ஒடுங்கு வடிவம் பொட்டிடம் ஒன்று இருக்கிறது, தாயிடம் இல்லை. அப்படியானால் அது தந்தை வழி வந்தது. சாம்பல் நிறக் குட்டிக்குச் சந்தையில் தனி மவுசு இருக்கும் இக்காலத்தில் இது காசு பண்ணக்கூடிய செய்தி என்றாலும், அந்த நிறத்து நாய்களில் சிலவற்றுக்கு மயிர் உதிர்ந்து தோல் வறளும் கோளாறு வருவதுண்டு என்பதை அறிக்கை ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

வெள்ளை நிறத்தைப் பற்றியும் அவ்வாறே. என் நண்பர் ஒருவர் தம் இராசபாளையம் நாய்க்கு இதே பரிசோதனையைச் செய்து, அது வெள்ளை என்ற செய்தியை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் தெரிந்துகொண்டார். அவர் அறிய விரும்பியது அதன் குட்டிகளில் செவிடு விழுமா என்பது. நிறமிச் செல்கள் தோலுக்குப் போய்ச் சேராததால்தான் நாய் வெள்ளையாகிறது. அதே செல்கள் உட்காதுக்கும் போய்ச் சேராவிட்டால் அங்குள்ள கேட்கும் செல்கள் பிறந்த சில வாரங்களில் மடிந்துவிடுகின்றன. பால் வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இனம் கொடுத்த விலை அது. ஆனால் எந்தக் குட்டி செவிடு என்பதை இந்தப் பஞ்சுக் குச்சி சொல்லாது. காதுக்குள் ஒலியைச் செலுத்தி மூளையின் மின் எதிர்வினையை அளக்கும் சோதனைதான் சொல்லும்.

இனி மூதாதையர் பகுதிக்கு வருகிறேன். பெட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தப்படுவது இதுதான்; என் ஏமாற்றமும் இதில்தான். பொட்டின் அறிக்கை சொன்னது: சலூக்கி 34 விழுக்காடு, கிரேஹவுண்ட் 17, ஸ்லூகி 11, தெற்காசிய நாட்டு நாய் 38. தாயின் அறிக்கை சொன்னது: சலூக்கி 22, விப்பட் 14, ஆப்கன் ஹவுண்ட் 9, தெற்காசிய நாட்டு நாய் 55. வண்ண வட்டப் படமும், ஒவ்வோர் இனத்தின் புகைப்படமும், பாரசீகம் முதல் இங்கிலாந்து வரை அம்புக்குறி போட்ட உலக வரைபடமும் உண்டு. அந்த வரைபடத்தில் கயத்தாறு எங்கும் இல்லை.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கதை வெளிறிவிடுகிறது. பொட்டின் மரபணுவில் சரிபாதி தாயிடமிருந்து வந்தது. தாயிடம் விப்பட்டும் ஆப்கன் ஹவுண்டும் சேர்ந்து ஏறத்தாழ கால்பங்கு இருந்தால், அதில் ஒரு துளிகூட மகளுக்கு இறங்காமல் போவது நம்பத்தக்கதன்று. நடந்தது வேறு. மரபணுவைத் துண்டு துண்டாகப் பிரித்து, தம்மிடம் சேகரிப்பில் உள்ள இனங்களில் எதனோடு ஒவ்வொரு துண்டும் அதிகம் ஒத்துப்போகிறது என்று கணினி பார்க்கிறது. நான் வாங்கிய நிறுவனத்தின் இனப் பட்டியலில் கன்னியும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை, இராசபாளையமும் இல்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவனிடம் “இலண்டன், பாரீஸ், பாக்தாத் மூன்றில் எது உன் ஊர்?” என்று கேட்டு, இம்மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அவன் பக்கத்தில் இருப்பதென்று பாக்தாத்தைக் காட்டக்கூடும். பொட்டு சலூக்கியானது அப்படித்தான். நீண்ட கால், ஒடுங்கிய இடை, ஆழ்ந்த மார்பு கொண்ட வேட்டை நாய்களுள் பட்டியலில் இருப்பவற்றில் நெருங்கியதைக் கணினி எடுத்துக்கொண்டது. மகளுக்குக் கிரேஹவுண்ட் என்றும் தாய்க்கு விப்பட் என்றும் அது தடுமாறியதே, இரண்டும் அன்று என்பதற்குச் சான்று.

இதில் ஒரு தீங்கும் உண்டு. நம் கன்னியும் சிப்பிப்பாறையும் அரபு நாட்டு வணிகர் கொண்டுவந்த சலூக்கியின் வழி வந்தவை என்ற கதை ஏற்கெனவே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கதை மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் ‘சலூக்கி 34’ என்ற எண்ணை அதற்கு ஆதாரமாகக் காட்டத் தொடங்கினால், பட்டியலில் நம் நாய் இல்லாத குறையே நம் நாயின் வரலாறாகிவிடும். குட்டி விற்பவர்கள் சிலர் இப்போதே இத்தகைய வட்டப் படங்களை வாட்ஸாப்பில் அனுப்பி விலை ஏற்றுவதைப் பார்க்கிறேன்.

நம் நாய்கள் யாருக்கும் தெரியாதவை என்று நிறுவனங்கள் சாக்குச் சொல்ல முடியாது. இராசபாளையம் நாய் 2005-ஆம் ஆண்டிலேயே இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றுவிட்டது. இராசபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளப் பணியகத்தில் இனங்களாகப் பதிவு பெற்றவை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இவற்றோடு கன்னியையும் கோம்பையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். எட்டயபுரத்துக்கும் கழுகுமலைக்கும் இடையே ஒரு வாரம் சுற்றினால், ஒன்றுக்கொன்று உறவில்லாத நல்ல நாய்கள் சில டஜனிடமாவது மாதிரி எடுத்துவிடலாம். அதைச் செய்யாமல் இந்தியாவில் பெட்டி விற்பது, கரிசல் மண்ணைச் சோதிக்காமல் அதற்கு உரம் விற்பதைப் போன்றது.

தெரு நாய்க்கு இதை வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தெரு நாய் பல சீமை இனங்கள் கலந்து உண்டானதன்று. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் இலண்டனில் 1873-இல்தான் தொடங்கியது. இன்று நாம் இனம் என்று சொல்லும் ஐரோப்பிய வகைகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தை ஒட்டிப் பிரித்து வரையறுக்கப்பட்டவை. நாட்டு நாய் அவற்றுக்கெல்லாம் மூத்த கூட்டம். எனவே ‘தெற்காசிய நாட்டு நாய்’ என்ற விடை வந்தால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். அந்த அறிக்கையிலேயே நேர்மையான வரி அதுவாகத்தான் இருக்கும். மாறாக, பாதி லேப்ரடார் என்று வந்தால் அதை நம்பலாம். லேப்ரடார் பட்டியலில் இருக்கிறது, அதன் மரபணு நன்கு அறியப்பட்டது. திருநெல்வேலி நகரத் தெருக்களில் லேப்ரடார் கலப்புக்கும் பஞ்சமில்லை.

அறிக்கையில் குணம் பற்றியும் ஒரு பக்கம் உண்டு. பொட்டு ‘அன்பானது, தனிமை விரும்புவது, பூனைகளோடு எச்சரிக்கை தேவை’ என்று சலூக்கிக்கு உரிய வரிகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களைக் கேட்டு, அவற்றில் ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்து, 2022-இல் வெளியான ஆய்வில், ஒரு நாயின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டார்கள். இனமே தவறாக இருக்கும்போது குணப் பக்கத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது. பொட்டு தனிமையை விரும்பியதை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

நோய்ப் பகுதியில் பயனுள்ளது ஒன்றைச் சொல்லலாம். உண்ணிக்கும் புழுவுக்கும் நம் பக்கம் தாராளமாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் சில நாய்களுக்கு மூளையைத் தாக்கும் நஞ்சாகிவிடும்; அதற்குக் காரணமான மரபணுப் பிழை கோலி வகை நாய்களில் மிகுதி. பொட்டுக்கு அந்தப் பிழை இல்லை. இதனால் அளவு மீறிப் போடலாம் என்று பொருளன்று. மருந்தின் அளவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். மற்ற நோய்களின் நெடிய பட்டியல் பெரும்பாலும் சீமை இனங்களில் கண்டறிந்த பிழைகளின் பட்டியல். எல்லாவற்றுக்கும் நேரே பச்சைக் குறி இருப்பது நிம்மதியாக இருந்தாலும், நம் நாய்களுக்கே உரிய நோய் எது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் நிறத்துக்கு நான்கரை தருவேன். அரை குறைத்தது அந்த ஒற்றை வரி எச்சரிக்கைக்காக. மூதாதையர் பகுதிக்கு, கன்னி, சிப்பிப்பாறை, இராசபாளையம், கோம்பை வளர்ப்போரைப் பொறுத்தவரை, ஒன்று. வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டரை. நிறத்துக்காக இணை சேர்ப்பவர்கள், மூதாதையர் பகுதி இல்லாமல் நிறமும் நோயும் மட்டும் பார்க்கும் மலிவான பரிசோதனை கிடைத்தால் அதையே வாங்கலாம்.

அறிக்கையை நான் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மாமா சலூக்கிப் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. நான்கில் ஒன்று என்ற வரியைத்தான் இரண்டு முறை படித்தார். அடுத்த பருவத்தில் அதே செவலைக் கடுவனைக் கழுகுமலையிலிருந்து வரவழைத்து, பெட்டையைச் சூடு தணியும் வரை கொட்டகையில் பூட்டி, சாவியைத் தம் இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்தார். அறுபத்திரண்டாம் நாள் ஆறு குட்டிகள் விழுந்தன. நான்கு செவலை, இரண்டு கருங்கன்னி. இரண்டுக்கும் கண் திறக்குமுன்பே முன்பணம் வாங்கிவிட்டார். எனக்கு இந்த முறை இலவசம் கிடையாதாம்.